லிஸ்டில் நான் அடித்துவிட்ட ஊர்

வாடிய செவ்வந்தி மாலையும் டீசலும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். தேர்தலில் ஜெயித்த மறுவாரம் முழுக்க எங்கள் ஜீப்பில் அந்த வாடைதான். காலடியில் மிதிபட்ட மாலைகள், மடியில் எலுமிச்சம்பழம்... ராஜபாளையத்தில் ஆரம்பித்து சேத்தூர், தேவதானம் என்று ஊர் ஊராக நன்றி சொல்லப் போனோம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. வக்கீல் அண்ணாச்சி முதல் தடவை நின்று எம்.எல்.ஏ. ஆகியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் பிராக்டீஸ், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கிற ஒரு யூனிட்டில் கிளார்க். லீவு போட்டுவிட்டு அவர் பின்னால் அலைந்தேன்.

எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு, யார் வீட்டில் காபி என்று எழுதிய ரூட் லிஸ்ட் என் சட்டைப்பையில்தான் இருக்கும். அந்தத் தாள் கைக்கு வந்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

தேவதானம் பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம்.

பிரசாரத்துக்குப் போனபோது அந்த ஊர்ப் பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். டவுன் பஸ் ஊருக்குள் வர வேண்டும். எட்டாவதுக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் தோப்பு வழியாகத் தேவதானம் வரை நடக்க வேண்டும். பெண்பிள்ளைகளை அனுப்பப் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். ஜெயித்தால் முதல் வேலை அதுதான் என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆனால் அந்த ஊர்ச் சுவர் பூராவும் எதிராளியின் சின்னம். ஓட்டுப்பதிவு அன்று, ஊரே அங்கிட்டு சாய்ந்துவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். அப்போதெல்லாம் பெட்டிகளைக் கொட்டி, சீட்டுகளைக் கலந்துவிட்டுத்தான் எண்ணுவார்கள். எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று யாருக்குமே தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பேனாவை எடுத்து அந்த ஊர்ப் பெயரை அடித்துவிட்டேன்.

சாயங்காலம் தேவதானம் முடித்துத் திரும்பும்போது அந்த ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கு வந்தது. அண்ணாச்சி ஜீப்பை மெதுவாக விடச் சொன்னார்.

"ஏலே, இந்த ஊரு?"

"இங்க நமக்கு ஒண்ணும் விழல அண்ணாச்சி. சேத்தூர்ல கூட்டம் காத்துக்கிட்டு இருக்கு."

"விழலைன்னா என்னலே... செத்த நேரம் எறங்கிட்டுப் போவோம்."

நேரமாகிவிட்டது என்று நான் அடம்பிடித்தேன். அவர் என்னை நம்பினார். ஜீப் நேராகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு எல்லா ஊரிலிருந்தும் மனுவோடு வந்து அவர் வாசலில் நின்றார்கள். அந்த ஊரிலிருந்து மட்டும் ஒரு ஆள்கூட வரவில்லை. அந்த பஸ் என்ன ஆச்சு என்று அண்ணாச்சி இரண்டு தடவை கேட்டார். பார்க்கலாம் அண்ணாச்சி என்று சொல்லி, ஓட்டுப் போட்ட ஊர்களின் மனுக்களை மேலே எடுத்து வைத்தேன்.

அடுத்த தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு அங்கே போனோம். யாரும் திட்டவில்லை. சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். பேச்சியம்மாள் என்று ஒரு அம்மா முன்னால் வந்து நிதானமாகச் சொன்னார்:

"அன்னைக்கு நீங்க வருவீகன்னு ஆரத்தி கரைச்சு வச்சிக்கிட்டு, பொழுது சாயிற மட்டும் நின்னோம்யா. ரோட்டுல ஜீப்பு சத்தம் கேட்டுச்சு. நேரா போயிருச்சு. ஊரு பூரா உங்களுக்குத்தான் போட்டோம். செவுத்துல எழுதுனவன் எங்களக் கேட்டா எழுதுனான்?"

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு பார்வை. பிறகு அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நாந்தான் மறந்துட்டேன் தாயி. தப்பு என்னுது."

நான் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் போய் ஏறிக்கொண்டேன்.

தோற்றுப்போனார். அந்த ஒரு ஊரால் தோற்றார் என்று சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் அவருக்கு சீட்டும் கிடைக்கவில்லை. பழையபடி கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போய் வந்தார். அந்த லிஸ்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் தவறிப்போனார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இப்போது எந்த பூத்தில் யாருக்கு எவ்வளவு விழுந்தது என்று போனிலேயே வந்துவிடுகிறது. ஓட்டுப் போடாத தெருவை ஒதுக்குகிற இன்றைய பையன்களிடம் ஆதாரமாவது இருக்கிறது. என்னிடம் இருந்தது வெறும் திமிர். அந்த ஊருக்கும் இப்போது மினி பஸ் போகிறது, எங்களால் அல்ல.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் வீட்டில்கூடச் சொன்னதில்லை...

பஸ் போகாத அந்த ஊருக்கு எங்கள் யூனிட் வேன் போனது, வேலைக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிவர. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பேச்சியம்மாளின் மகள் அந்த வேனில்தான் வந்தாள். பேண்டேஜ் துணி சுற்றுகிற வேலை. தினம் காலையில் பெயர் கூப்பிட்டு அவளுக்கு ஆஜர் போடுவது நான்தான். கெட்டிக்காரப் பெண். ஒருநாள், எட்டாவதோடு ஏன்மா நின்றாய் என்று கேட்டேன்.

"பஸ்ஸு வரல சார். அந்த எம்.எல்.ஏ. எங்க ஊர மறந்துட்டாருல்ல."

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.