குமரவேலுக்கு நான் சரியான ஆள் இல்லை

1. முதல் நாள், முதல் ஆள்

மந்தாரக்குப்பத்தில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்கு மேல்மாடியில் என் கவுன்சலிங் அறையைத் திறந்தபோது, எனக்குப் பதினாறு வருட அனுபவம் இருந்தது. அதுவரை மதுரையில் இருந்தேன். கணவருக்குப் பக்கத்து நெய்வேலியில் வேலை கிடைத்ததால் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தோம். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் வந்த முதல் ஆள் குமரவேல். பெயரை மாற்றியிருக்கிறேன். எழுதலாமா என்று கேட்டபோது, “பேர மாத்திக்குங்க, ஏணிய மாத்திடாதீங்க” என்றார்.

அவர் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பக்கெட் வீல் மெஷின் ஆபரேட்டர். மண்ணை வெட்டியெடுக்கும் அந்த மெஷின் பல மாடி உயரம். கேபினுக்கு இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். பதினெட்டு வருடமாக ஏறியவர், ஒரு காலை ஷிஃப்டில் பாதி ஏணியில் நின்றுவிட்டார்.

“ஏறிக்கினு இருந்தேன் மேடம். நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிச்சி, கையெல்லாம் வெலவெலத்துப் போச்சி. ஹார்ட் அட்டாக்குன்னே நெனச்சிட்டேன்.”

ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். இது பேனிக் அட்டாக், கவுன்சலிங் எடுத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரை கீழே ஆபீஸில் லைட் டூட்டி. ஐந்து மாதம் கழித்து மெடிக்கல் ரிவியூ. அதில் ஃபிட் இல்லை என்று வந்துவிட்டால் நிரந்தரமாக உதிரிபாக ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். ஸ்டோர் வேலை ஒன்றும் மட்டமில்லை. ஆனால் மெஷினைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார்.

என்னிடம் வருவதற்கு முன் இரண்டு ஆலோசகர்களைப் பார்த்திருந்தார். ஒருவர் ஒரு மணி நேரம் புத்திமதி சொன்னார். இன்னொருவர் ஃபோனில் மூச்சுப் பயிற்சி மட்டும் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவதாக என்னிடம் வந்தவரை நான் சரிசெய்துவிடுவேன் என்று எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

2. மூன்று காதுகுத்து

என் வழி, நிதானமாகப் பேசவிட்டுக் கேட்பது. சின்ன வயது, வீடு, அப்பா அம்மா என்று மெல்ல மெல்லப் போவேன். நான்கு வாரம் அப்படியே போயிற்று. அவரும் பரீட்சை எழுதுகிற மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

ஐந்தாவது வாரம் வரவில்லை. கம்மாபுரத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து என்றார். அடுத்த வாரம் சேத்தியாத்தோப்பில் ஒரு காதுகுத்து. அதற்கடுத்த வாரமும் காதுகுத்து. பெரிய குடும்பம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காய்கறிக் கடையில், முதல் நாள் அவரோடு வந்திருந்த மனைவி செல்வி என்னைப் பார்த்து ஓரமாக அழைத்தார்.

“காதுகுத்தெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. உங்க மொகத்தப் பாத்து எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வூட்லயே ஒக்காந்துகினு இருக்காரு.”

கவுன்சலிங் வேண்டாம், சும்மா ஒரு தடவை வந்து போகச் சொல்லுங்கள் என்றேன். வந்தார். கையில் முழுப் பலாப்பழம் ஒன்று. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியது. பழத்தை மேசையில் வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடியே பேசினார்.

“நீங்க நல்லவங்க மேடம். அதான் சொல்ல முடியல. வாரா வாரம் எங்கப்பாவப் பத்தியே கேக்குறீங்க. எங்கப்பா மேல எனக்குப் பயம் இல்லீங்க. ஏணி மேலதான் பயம்.”

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் வீட்டுக்கு நடந்து போகும்போது சுருக்கென்றது. பயப்படுகிற விஷயத்தைப் படிப்படியாக நெருங்கவைக்கும் சிகிச்சையை நானும் படித்திருக்கிறேன். பதினாறு வருடம் ஒரே வழியில் நடந்து பழகியதில், அந்தப் பக்கமே போகவில்லை. அவர் நேரத்தில் ஏழு வாரத்தை நான் தின்றிருந்தேன்.

3. பத்து நிமிட ஃபோன்

அடுத்த வாரம் அவரை மறுபடி வரச்சொல்லி, இருவரும் உட்கார்ந்து வேறு மூன்று ஆலோசகர்களின் பெயரை எழுதினோம். மூவரும் அந்தச் சிகிச்சையில் பழகியவர்கள். ஒவ்வொருவரிடமும் பத்து நிமிடம் ஃபோனில் பேசச் சொன்னேன். இந்த மாதிரிப் பயத்துக்குச் சிகிச்சை கொடுத்திருக்கிறீர்களா, வாரா வாரம் என்ன செய்வோம், பலன் இல்லையென்றால் எப்படித் தெரியும் என்று கேட்கச் சொன்னேன்.

மூவரில் புதுச்சேரியில் இருக்கும் மூத்த பேராசிரியரைத்தான் தேர்ந்தெடுப்பார் என்று நினைத்தேன். அவர் தேர்ந்தெடுத்தது விருத்தாசலத்தில் இருக்கும் மெர்சியை. தொழிலுக்கு வந்து ஆறு வருடம்தான் ஆகிறது, பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஏன் அவர் என்று கேட்டேன்.

“பயம் போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன், பயத்தோடவே ஏறப் பழக்குவேன், வீட்டுப்பாடம் செய்யலன்னா திட்டுவேன்னு சொன்னாங்க. எனக்கு இதான் சரிப்படும்.”

மெர்சி முதலில் ஏறவைத்தது அவர் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடிப் படியில். பிறகு நின்ற இடத்திலேயே ஓடி, நெஞ்சு அடித்துக்கொள்வது ஆபத்தில்லை என்று உடம்புக்குப் பழக்குவது. செல்வி மொபைலில் நேரம் பார்ப்பார். பிறகு, மெயின்டனன்ஸுக்கு நிற்கும் மெஷினில் ஃபோர்மேன் அனுமதியோடு, சேஃப்டி பெல்ட் போட்டு மூன்று படி, அடுத்து ஐந்து, அடுத்து எட்டு. ஒருநாள் எட்டிலிருந்து இறங்கி ஓடிவந்துவிட்டார். எல்லாம் போயிற்று என்று உட்கார்ந்தவரை மெர்சி மறுநாளே ஐந்தாவது படிக்கு அனுப்பினார்.

ரிவியூவுக்கு நான்கு நாள் முன்பு கேபினுக்குப் போய் உட்கார்ந்தார். ஃபிட் என்று வந்ததும் முதலில் எனக்கு ஃபோன் செய்தது செல்விதான். பின்னாலிருந்து குமரவேலின் குரல் கேட்டது.

“பயம் இப்பவும் வருதுங்க மேடம். வந்தா வரட்டும்னு ஏறிடறேன்.”

நல்ல ஆலோசகர் வேறு, ஒருவருக்குச் சரியான ஆலோசகர் வேறு. இது வருகிறவருக்குத் தெரிகிற அளவு நமக்குத் தெரிவதில்லை. ஆனால் அவர்களாக வாய்திறந்து சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். அதன்பிறகு மூன்றாவது சந்திப்பின் முடிவில், இது உதவுகிறதா, நான் எதையாவது மாற்ற வேண்டுமா என்று எல்லோரிடமும் கேட்கத் தொடங்கினேன்.

முதன்முதலில் கேட்டது ஒரு பள்ளி ஆசிரியையிடம். “நான் பேசும்போதெல்லாம் நீங்க எழுதிக்கிட்டே இருக்கீங்க, என்னைப் பார்க்கிறதே இல்ல” என்றார்.

அந்தப் பதிலையும் நான் அப்போது எழுதிக்கொண்டுதான் இருந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.