குமுளி மலையில் விடாத மழை

எங்களைப் பெற்ற அத்தா இறந்துவிட்டார் என்று கம்பத்திலிருந்து அண்ணன் போன் செய்தபோது, துபாயில் நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். பாதி திறந்த கடையை மறுபடியும் பூட்டினேன். அத்தாவின் முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும், அவரை என் கையால் கபருக்குள் இறக்க வேண்டும். அல்லாஹ்விடம் அவ்வளவுதான் கேட்டேன்.

மதுரைக்கு டிக்கெட் இல்லை. மறுநாள் காலை கொச்சி விமானத்தில்தான் கிடைத்தது. அண்ணன் செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி கூப்பிட்டுச் சொன்னார்:

"ரெண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டராம்டா. நாலு மணி நேரத்துல எறக்கி விட்டுருவானாம். நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அடக்கம்னு ஜமாத்துல சொல்லிட்டேன். அதுக்கு மேல மையத்த வீட்டுல வைக்கக் கூடாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாக."

எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருமே இப்படித்தான். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் விமான நேரத்தை மட்டும் எண்ணுவார்கள். நடுவில் நிற்கும் மலையைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். தினமும் கண்ணில் படுவதால் அது ஒரு தூரமாகவே தெரிவதில்லை. துக்கத்தில் எனக்கும் அது தோன்றவில்லை.

விமானம் சரியான நேரத்துக்கு இறங்கியது. அதற்கப்புறம்தான் சோதனை. நெடும்பாசேரி விமான நிலையத்தில் டாக்ஸி ஏறியதிலிருந்தே மழை. குமுளி தாண்டி மலை இறங்கும்போது சாலையில் மரம் விழுந்து கிடந்தது. கம்பத்துக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் இருக்கும். கடலையே தாண்டி வந்தவன், வீட்டுக்குப் பக்கத்தில் சிக்கிக்கொண்டேன். போனில் டவரும் இல்லை.

"யா அல்லாஹ், இந்த மழையை நிறுத்து!" என்று வாய்விட்டு அழுதேன். மலையாளி டிரைவர், "கரயல்லே சேட்டா, அழாதீங்க" என்று தோளைத் தொட்டார். மழை இன்னும் வலுத்தது. அஸர் நேரமும் போய்விட்டது. அடக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். இவ்வளவு கெஞ்சியும் இரங்கவில்லையே என்று கோபம்கூட வந்தது.

மரத்தை அறுத்து வழிவிட்ட பிறகு, நான் வீடு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் சனம் நின்றுகொண்டிருந்தது. அண்ணன் ஓடி வந்து கட்டிக்கொண்டார்.

"ஏலே, வந்துட்டியா! அத்தா உள்ளதான்டா இருக்காக. கபர் குழிக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே கெடக்கு. எறைக்க எறைக்க நெறயுது. மழ விட்ட பெறகு எடுக்கலாம்னு ஹஜ்ரத் நிப்பாட்டிட்டாக."

கஃபன் துணியை விலக்கி முகத்தைக் காட்டினார்கள். தாடிக்குள் இருக்கும் அந்தச் சின்ன மச்சம் வரை பார்த்தேன். இரவு இஷா தொழுகைக்குப் பிறகு மழை விட்டது. கபருக்குள் நின்று அத்தாவை நான்தான் கையில் வாங்கினேன். அல்ஹம்துலில்லாஹ்!

இப்போதும் துஆ கேட்கிறேன். ஆனால் இதை இப்படிச் செய் என்று அவனுக்கு நான் வழி சொல்வதில்லை. கேட்டது கிடைக்கவில்லையே என்று உங்களில் யாராவது மனம் விட்டுப் போயிருந்தால், கொஞ்சம் பொறுத்திருங்கள். அன்று நான் கேட்டபடி அவன் மழையை நிறுத்தியிருந்தால், என் அத்தாவை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.