கரையில நிக்கிறவளுக்கு லைஃப் ஜாக்கெட் இல்ல

டூரிஸ்டுக்குக் கயாக் வாடகைக்கு விடுற தொழில்ல தண்ணியோட மல்லுக்கட்டுறது கொஞ்சந்தான். லைஃப் ஜாக்கெட்ட ஆளுங்க மேல ஏத்துறதுக்குள்ளதான் நமக்கு உசுரு போயிரும்.

ஹெல்மெட்ட பெட்ரோல் டேங்க் மேல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போற புருஷன் உங்க வீட்டுல இருக்காரா? அப்ப நீங்களும் என் கட்சிதான். பக்கத்துல வந்து உக்காருங்க, சொல்றேன்.

கொடைக்கானலத் தாண்டி, கேரட்டும் பூண்டும் போட்ட சரிவுக்குக் கீழ ஒரு சின்ன ஏரி. அதுல கொஞ்சம் கயாக் விடுறோம். கயாக்னா, காலை நீட்டி உக்காந்து துடுப்புப் போடுற ஒடுக்கமான படகு. ஒரு பக்கமா சாஞ்சு தும்முனாக்கூடக் கவுந்துரும். டிக்கெட் குடுக்குறது முருகேசண்ணன். பொம்பளையாளுகளுக்கு ஜாக்கெட் மாட்டிப் பட்டையை இறுக்குறது என் சோலி. யாராச்சும் தண்ணியில விழுந்தா போய்த் தூக்குறது எங்க வீட்டுக்காரரு, அந்தோணி. எனக்கு நீச்சல் தெரியாது. அவருக்கு நல்லாத் தெரியும், அதனாலயே ஜாக்கெட் போடமாட்டாரு. என் பயம் பூராவும் அங்கதான் இருக்கு.

மாப்பிள்ளை உக்காந்த மெத்தை

கல்யாணமாகி ஒரு வாரங்கூட ஆகாத ஜோடி. பொண்ணு சொன்னபடி கேட்டுச்சு. நான் கிளிப்ப மாட்டி முடிக்கிற வரைக்கும் கையத் தூக்கிட்டு நின்னுச்சு. மாப்பிள்ளையும் கரையில போட்டாருதான், இல்லைன்னு சொல்லமாட்டேன். நடு ஏரிக்குப் போனதும் கழட்டி அடியில போட்டு, மெத்தை மாதிரி அதுமேல ஏறி உக்காந்துட்டாரு. சட்டை புதுசு, போட்டோவுல தெரியணுமாம். செல்ஃபிக்கு கைய நீட்டினாரு பாருங்க, படகு அப்படியே கவுந்துருச்சு.

எங்க ஏரித் தண்ணி சித்திரையிலகூட ஐஸு மாதிரி இருக்கும். விழுந்ததும் மூச்ச அடைக்கும், கத்தணும்னு நெனச்சாலும் சத்தம் வராது. பொண்ணு ஜாக்கெட்டோட மெதந்துக்கிட்டு அழுகுது. எங்க வீட்டுக்காரரு படகுல வெரசாப் போய்க் குதிச்சாரு. குதிச்சவரு கழுத்த அந்த மாப்பிள்ளை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குறாரு. ரெண்டு தலையும் உள்ள போச்சு. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன், என்னால செய்ய முடிஞ்சது அவ்வளவுதான். எப்படியோ பிடிய ஒதறி, அந்தாளு சட்டைக் காலரப் பிடிச்சு இழுத்துட்டு வந்து சேந்தாரு.

கரையேறின மாப்பிள்ளைக்குப் பல்லு தந்தியடிக்குது. கம்பளி போத்தி விட்டேன். பக்கத்துல நின்ன பொண்ணு அவரையே பாத்துக்கிட்டிருந்துட்டு எங்கிட்டச் சொல்லுச்சு: "அக்கா, பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, நான் நீச்சல்ல மெடல் வாங்குனவன்னு சொன்னாருக்கா."

சாமிக்குப் பின்னால நிக்கிற வரிசை

பழனியில முடி எறக்கிட்டு அப்படியே கொடைக்கானலுக்கு ஏறி வர்ற கூட்டம் எங்களுக்கு அதிகம். மொட்டைத் தலையில சந்தனம் காயாம வருவாங்க. அன்னிக்கு வந்தவரு ஒட்டன்சத்திரத்துல வெங்காய மண்டி வச்சிருக்கிறவரு. நல்ல ஒடம்பு. பெரிய அளவு ஜாக்கெட்ட எடுத்து நீட்டுனா கையால தள்ளிவிட்டாரு. "முருகனப் பாத்துட்டு வர்றேன்மா. எனக்கு எதுக்கு இது?"ன்னாரு. பக்கத்துல நின்ன எங்க வீட்டுக்காரரு, தன் கட்சிக்கு ஒரு ஆளு கெடச்ச சந்தோசத்துல சிரிக்கிறாரு.

கிளிப்ப மாட்டாமச் சும்மா தோள்ல போட்டுக்குறேன்னு பேரத்துக்கு வந்தாரு மண்டிக்காரரு. அது இன்னும் மோசம்ங்க. ஆளு தண்ணிக்குள்ள போவாரு, ஜாக்கெட் மட்டும் தலைக்கு மேல கழண்டு மெதக்கும். முடியவே முடியாதுன்னுட்டேன். கூட வந்த அவரு வீட்டம்மா முன்னால வந்து, ஜாக்கெட்ட எங்கையில இருந்து வாங்கி அவரு தலை வழியா இறக்குச்சு.

"முருகனுக்கு நீங்க ஒருத்தருதானா? பின்னால வரிசையில எத்தன பேரு நிக்கிறாங்க! அவரு உங்களைத் திரும்பிப் பாக்குறதுக்குள்ள முங்கிப் போயிருவீங்க, கைய உள்ள விடுங்க."

நீச்சல் மறந்த ஜாக்கெட்

மாப்பிள்ளை கழுத்தப் பிடிச்சதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. சோறு வைக்கையில சொல்லுவேன், துணி தொவைக்கையில சொல்லுவேன். "ஏங்க, நீங்களும் ஒண்ணப் போட்டுக்கிட்டா என்னங்க கொறைஞ்சு போவீங்க?" அவரு பதில் எப்பவும் ஒண்ணுதான். "என் படகுலதான் ஒண்ணு கெடக்குல்ல, தேவைன்னா எடுத்துக்குறேன்." கெடந்தது வாஸ்தவந்தான். ஆனா எங்க கெடந்துச்சு? அவரு முட்டிக்கு அடியில. ஈரப் பலகையில முட்டி போட்டா குளிர் ஏறும்னு, நாங்க எல்லாருமே பழைய ஜாக்கெட்ட விரிச்சுத்தான் முட்டி போடுவோம், உக்காருவோம். மழை நாள்ல டீக்கடை நாய்கூட அதுமேலதான் படுக்கும்.

ஒருநாள் கோவத்துல, அவரு கண்ணு முன்னாலயே அந்த ஜாக்கெட்ட எடுத்துத் தண்ணியில வீசுனேன். கொஞ்ச நேரம் யோசிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி நின்னுச்சு. அப்புறம் மெல்ல, ஒரு சத்தமும் இல்லாம, உள்ள போயிருச்சு. உள்ள இருந்த ஸ்பாஞ்சு, ஏறி ஏறி மிதிச்சு அப்பளமா அமுங்கிப் போயிருந்திருக்கு. இத்தன நாளும் எங்க வீட்டுக்காரரு உசுருக்குக் காவல்னு நான் நம்புனது அதத்தான். அவரு குனிஞ்சு தண்ணிக்குள்ள எட்டி எட்டிப் பாக்குறாரு.

டிக்கெட் ஜன்னல்ல இருந்து எட்டிப் பாத்த முருகேசண்ணன் சொன்னாரு: "ஏலே அந்தோணி, உன் ஜாக்கெட்டுக்கே ஒரு ஜாக்கெட் வேணும் போலருக்குடா!"

ஆணி நெறஞ்ச சாயங்காலம்

அதுக்கப்புறமும் அவரு போடலைங்க. புதுசு வாங்கட்டும், போடுறேன்னாரு. புதுசும் வந்துச்சு. டூரிஸ்டுக்கு வேணும்ல, நாமளே எடுத்துக்கிட்டா எப்படின்னாரு.

எங்க ஏரியில ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஜாக்கெட்டுக்கு ஒரு ஆணி. சாயங்காலம் எல்லா ஆணியும் நெறஞ்சிருச்சுன்னா, எல்லா ஆளும் கரைக்கு வந்தாச்சுன்னு அர்த்தம். மூடுபனியில யாரையும் கண்ணால தேட முடியாதுங்க, அதனால ஆணியப் பாத்துட்டுக் கதவைச் சாத்துறதுதான் எங்களுக்குப் பழக்கம்.

அன்னிக்குப் பனி வெள்ளனே எறங்கிருச்சு. கடைசி ஜாக்கெட்டையும் மாட்டிட்டேன். ஆணி பூராவும் நெறஞ்சிருச்சு. முருகேசண்ணன் ஷட்டர இழுத்துட்டாரு. எங்க வீட்டுக்காரரு டீக்கடையில இருப்பாருன்னு போனேன். இல்ல. கழிப்பறைப் பக்கம் பாத்தேன். இல்ல. திரும்பி வந்தா, படகுத்துறைப் பலகை ஓரத்துல அவரு செருப்பு கெடக்கு. செருப்புமேல கம்பளிக் குல்லா, குல்லாக்குள்ள செல்போனு. பக்கத்துல கட்டியிருந்த கயாக்குல ஒண்ணக் காணோம்.

ஜாக்கெட் எடுக்காமப் போன ஆளுக்கு எந்த ஆணி காலியாகும் சொல்லுங்க? கயிறு அவுந்து மெதந்து போன அந்தக் கயாக்க, பக்கத்துலதானேன்னு நீந்திப் போயி இழுத்துட்டு வர எறங்கியிருக்காரு. எங்க கணக்குப்படி ஏரியில ஒருத்தரும் இல்ல. என் புருஷன் இருக்காரு.

"ஏங்க!"ன்னு கத்துனேன். பனி என் சத்தத்தை முழுங்கிருச்சு. எதிர்ல பத்தடி தண்ணி தெரியுது, அதுக்கப்புறம் வெள்ளையா ஒண்ணுமே இல்ல. ஷட்டரத் தொறந்து ரெண்டு ஜாக்கெட்ட எடுத்து நானும் முருகேசண்ணனும் மாட்டிக்கிட்டோம். கையில இன்னொண்ணு எடுத்துக்கிட்டேன். அத்தன வருசமா ஊரையே படகேத்தி விட்ட நான், அன்னிக்குத்தான் மொதத் தடவையா தண்ணிமேல போனேன்.

எங்க வீட்டுக்காரரு படகுலதான் போனோம், அண்ணன் துடுப்புப் போடுறாரு. நான் ஜாக்கெட்டுல தொங்குற விசில ஊதுவேன், நிறுத்திட்டுக் காது குடுப்பேன். மறுபடி ஊதுவேன். ஒண்ணுமில்ல. எங்க வீட்டுக்காரரு செத்துப் போயிட்டாருன்னே முடிவு பண்ணிட்டேன், உண்மையச் சொல்றேன். அப்பத்தான் எங்கேயோ இடது பக்கமா, பிளாஸ்டிக்கத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. ஏறப் பாத்ததுல கவுந்து போன கயாக்கக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, குளிர்ல தொண்டை அடைச்சுப் போயி, வெரல் மடங்காம, உள்ளங்கையால தட்டிக்கிட்டுக் கெடக்காரு. ஊருக்கே நீச்சல் சொல்லிக் குடுத்த மனுசன். ரெண்டு பேருமாச் சேந்து மேல தூக்கிப் போட்டோம். கொண்டு போன ஜாக்கெட்ட மாட்டினேன். அவரு ஒடம்பு குளிர்ல ஆடுற ஆட்டத்துல பட்டையை ரெண்டு தடவை இறுக்க வேண்டியிருந்துச்சு.

கரை கண்ணுல தெரிஞ்சதும் அவருக்குக் கொஞ்சம் பேச்சு வந்துச்சு. என்னைப் பாக்காம, தண்ணியப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "ஏ ஜெயா... நாளைக்கு எம்பேருக்கும் ஒரு ஆணி அடிச்சிருடி."

இத்தன காலத்துல நான் கண்டது இவ்வளவுதாங்க: நீச்சல் தெரியாதவங்களை ஜாக்கெட் போட வைக்க ஒரு அதட்டல் போதும், தெரிஞ்சவங்களைப் போட வைக்கத்தான் ஒரு ஏரி முழுசும் தேவைப்படுது.