அகலமாக்கிய இடுக்கு

என் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவின் சவ்வு எவ்வளவு இழுபடும், எவ்வளவு மடங்கும், எப்போது கிழியும் என்று கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. குருசுக்குப்பத்தில் மீன் விற்கிற எங்கள் வீட்டிலிருந்து இந்தப் படிப்புக்கு வந்தவள் நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

போன மாதம் அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னிடம் வந்தாள். குழந்தை மூன்றாவது படிக்கிறாள். பிறவியிலேயே அவளுடைய சிவப்பணுக்கள் தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருக்கின்றன. மண்ணீரல் அவற்றைப் பிடித்துப் பிடித்து அழித்துவிடுவதால் உடம்பு வெளுத்து, கண் மஞ்சளாகி, அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. மண்ணீரலை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவுக்கோ கத்தி என்றாலே குலை நடுங்கும்.

"நீ இதையேதானடி படிக்கிற? நீ சொல்லு, அறுத்துத்தான் ஆவணுமா?"

வாயால் சொல்லியிருந்தாலே போதும். லேப்டாப்பைத் திறந்தேன். மண்ணீரலுக்குள் இருக்கும் மெல்லிய இடுக்கு ஒன்று திரையில் தெரிந்தது. தட்டையான அணு வந்து, மடங்கி, வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. அடுத்து உருண்டை அணு வந்தது. பாதி நுழைந்து அப்படியே சிக்கி நின்றது. குழந்தையின் முகம் சுருங்கிவிட்டது.

"அது மட்டும் ஏன் சித்தி போவல? போவச் சொல்லு."

கணக்கு இப்படிப் பாதியில் நின்றால், இடுக்கைக் கொஞ்சம் அகலமாக்கி மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பது எங்கள் லேபில் வழக்கம். கோளாறு அணுவிலா, நாம் எழுதிய கணக்கிலா என்று கண்டுபிடிக்கத்தான் அது. கை தன்பாட்டுக்கு அதைச் செய்தது. ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். உருண்டை அணு வெண்ணெய் மாதிரி நழுவிப் போனது.

"ஐ, போயிடுச்சு!" என்று குழந்தை கைதட்டினாள். நானும் சிரித்தேன். எண்ணை மாற்றியதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை என்றால் அது பாதிதான் உண்மை. என் வேலையைப் பார்த்து அதுவரை யாரும் கைதட்டியதில்லை.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தாள். "ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்டி. அதான் உருண்டையும் போவுதுன்னு நீயே காட்டினியே."

போட்டது போட்டபடி அக்கா வீட்டுக்கு ஓடினேன். குழந்தை பாயில் சுருண்டு கிடந்தாள். கண் முன்னைவிட மஞ்சளாக இருந்தது.

"அக்கா, அந்த வழிய நான்தான் பெருசாக்கினேன். நெஜத்துல அது அவ்ளோ பெருசு கெடையாது. இவ ரத்தம் சிக்கத்தான் செய்யும். டாக்டர் சொன்னதுதான் சரி."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அக்கா திட்டவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்ற? ஊசி கூட வேணாம், சித்தி சரி பண்ணிடுச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு கெடக்குறா. அவகிட்டயே சொல்லு."

பாயில் உட்கார்ந்து சொன்னேன். குழந்தை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். கோபப்படவே இல்லை.

"பரவால்ல சித்தி. டாக்டரு கூட நீயும் உள்ள வா. வந்து எனக்கும் அதே மாதிரி கொஞ்சம் பெருசாக்கிடு. உனக்குத்தான் தெரியுமே."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் குழந்தைக்குச் செருப்பு மாட்டிவிடக் குனிந்தேன். வார் எப்போதோ மாட்டியாகிவிட்டது. நிமிர முடியவில்லை.