சுவினோய் வீட்டுக்கு வந்த மீன்படங்கள்

ஆற்றோரத்து வீட்டு ஹெய்னிக்கு நாலு பெண்கள். மூத்த இரண்டுபேரும் ஐஸ்லாந்தில் வாழ்க்கைப்பட்டுப் போனார்கள். மூன்றாவது பிறந்த வாரத்திலேயே போய்ச்சேர்ந்தது. நாலாவதுதான் சுன்னேவா. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழு வருஷம் உட்கார்ந்தாள், அதோடு சரி. பிறகு கிளாக்ஸ்விக்கில் மீன் அறுக்கும் கொட்டகை. அதற்குப் பிறகு மீன் ஆராய்ச்சிக் கப்பலில் சமையல்காரி.

அந்தக் கப்பலில்தான் அவளுக்கு வேறு பிழைப்பு கிடைத்தது. கப்பலின் அடியிலிருந்து கடலுக்குள் ஓசையை விடுவார்கள். அது கீழே மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பி வருவதைக் காகிதச் சுருள் கறுப்புக் கறுப்பாக எழுதிக்காட்டும். படித்த பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று இது ஹெர்ரிங்கா, வெறும் கூனிப்பொடியா என்று மோதிக்கொண்டிருந்தபோது, காப்பித் தட்டோடு வந்த சுன்னேவா எட்டிப்பார்த்து, "இது கூனி. அடுப்புப் புகை மாதிரி ஓரமே இல்லாம கிடக்கு பாருங்க. அந்தா அதுதான் ஹெர்ரிங், கிழிஞ்ச துணி மாதிரி" என்றாள். வலையை இறக்கினார்கள். அவள் சொன்னதுதான் ஏறியது. அடுத்த வருஷமே அவளைத் தலைநகர் தோர்ஷாவ்னில் மீன் ஆராய்ச்சி நிலையத்துக்குள் கூப்பிட்டு ஒரு மேசை கொடுத்துவிட்டார்கள். காகிதம் போய்க் கணினித் திரை வந்தது, கறுப்பு போய்ப் பச்சையும் சிவப்பும் வந்தது. கண் அதே கண்தான். பத்தொன்பது வருஷம் அவள் சொன்ன கணக்கை யாரும் திருத்தியதில்லை.

முப்பத்தொன்றாம் வயதில் சுவினோய்த் தீவின் ஹானுஸைக் கட்டினாள். அவன் தூண்டில் படகுக்காரன், பேச்சுக்காரன். வாரத்தில் நாலு நாள் அவள் தோர்ஷாவ்னில், மூன்று நாள் தீவில். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் தை மாதக் குளிரில் ஹானுஸ் படகுத்துறையிலேயே சரிந்து விழுந்தான். வலது கை, வலது கால் இரண்டும் ஓய்ந்துவிட்டன. பேச்சு ஒன்றிரண்டு சொல்லாக நின்றுவிட்டது.

சுன்னேவா விடுப்பு எடுத்தாள், நீட்டினாள், மறுபடி நீட்டினாள். வைகாசி பிறந்ததும் நிலையத்து மேலாளர் சக்காரிஸ் கூப்பிட்டார். கெட்ட மனுஷன் இல்லை, ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள்.

"சுன்னேவா, இந்த வருஷத்துப் படங்கள் வந்தாச்சு. திங்கக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்குள்ள கணக்கு நார்வேக்குப் போயாகணும். நீ வந்து பாக்கலேன்னா நான் வேற ஆளைத்தான் போடணும். போட்டா அவன் அப்படியே இருந்துருவான்."

கிளாக்ஸ்விக் முதியோர் இல்லத்தில் ஹானுஸுக்கு ஒரு கட்டில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மருத்துவர் தாளில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இவள் கையெழுத்துதான் பாக்கி. போட்டால் வேலை நிலைக்கும், அவன் அந்நியர் கையில் சாப்பிடுவான். போடாவிட்டால் வேலை போகும், வேலை போனால் அந்தத் தீவில் குடித்தனம் ஓடாது. தாளை ரொட்டிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள்.

அப்போது தொலைபேசியில் வந்தவன் பார்ட்டல். ஹானுஸின் சித்தி மகன், நிலையத்துக் கணினிகளையெல்லாம் மேய்க்கிறவன். ஐம்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

"அண்ணி, நீங்க இங்க வரவேண்டாம். படம் உங்ககிட்ட வரட்டும்."

"அந்தப் படத்தைத் தூக்கி வைக்க எங்க வீடு கொள்ளுமாப்பா?"

"தூக்கி வைக்கவே வேண்டாம். படம், நிரல் எல்லாம் இங்க பெரிய இயந்திரத்துலயே இருக்கட்டும். வேலை செய்யுறது அது. வரைஞ்சு காட்டுறதுக்கு மட்டும் உங்க வீட்டுல ஒரு திரை வேணும். தொலைபேசிக் கம்பி வழியா வரும்."

வெள்ளிக்கிழமை தபால் படகில் புதுக் கணினி ஒன்று கோபன்ஹேகன் பெட்டியோடு வந்து இறங்கியது. படகுக்காரர் அதைக் கம்பளியில் சுற்றி, தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஹானுஸின் நாற்காலிக்குப் பக்கத்தில், சாப்பாட்டு மேசையிலேயே அதை வைத்தாள்.

சிக்கல் உடனே தெரிந்தது. வீட்டில் தொலைபேசிக் கம்பி ஒன்றுதான். கணினி அதைப் பிடித்துக்கொண்டால் பார்ட்டலோடு பேச வழியில்லை. அதற்கும் ஆள் இருந்தது. எதிர்வீட்டு ஓலுவா, ஹானுஸின் அண்ணன் நிக்கலாஸின் விதவை, சுன்னேவாவுக்கு ஓரகத்தி. கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் கோபன்ஹேகனில் ஒரு பல்மருத்துவர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவள். அந்த ஊரை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருப்பாள். அவள் தன் வீட்டுத் தொலைபேசியைச் சமையலறை ஜன்னல்வரை இழுத்து, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். சுன்னேவா தன் ஜன்னலைத் திறந்து வைத்தாள். பார்ட்டல் சொல்வதை ஓலுவா வாங்கி, சந்து தாண்டிக் கூவினாள்.

எழுத்துகள் வந்தன. சுன்னேவா பெயரைத் தட்டினாள், தோர்ஷாவ்ன் இயந்திரம் அவளைத் தெரிந்துகொண்டது. இன்ன எண்ணுள்ள திரையில் வரை என்று தட்டினாள். மீன்படம் திற என்று தட்டினாள். ஒரே ஒரு வரி வந்து நின்றது.

"என்ன சொல்லுதுன்னு கேக்குறான்!" என்று ஓலுவா கத்தினாள்.

"திரையைத் திறக்க முடியலைன்னு சொல்லுது அக்கா!"

"திறக்க முடியலையாம். என்ன? எல்லாத்தையும் அணைச்சுட்டு மறுபடி போடவா? இது மூணாவது தடவை பார்ட்டலு. எங்க அடுப்பு எரியலேன்னாலும் நீ இதே வைத்தியந்தான் சொல்லுவே போல."

வெள்ளி அப்படிப் போனது. சனிக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம்வரை அப்படியே போனது. பார்ட்டல் கம்பியைச் சோதித்தான், எண்ணைச் சோதித்தான், நிரலை அழித்து மறுபடி ஏற்றச் சொன்னான். ஓலுவாவின் தொண்டை கட்டிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அதே வரி. தன்னைத்தான் பெரிய இயந்திரம் வேண்டாமென்கிறது என்று சுன்னேவாவுக்குப் பட ஆரம்பித்தது. ஹானுஸ் இடது கையால் அவள் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைப் பிடித்து இழுத்துக் காப்பிப் பாத்திரத்தைக் காட்டினான். குடி என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனார்கள், யாரும் விசையைத் தொடவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு சுன்னேவா ரொட்டிப் பெட்டியைத் தூக்கித் தாளை எடுத்துப் பார்த்தாள். பேனாவைத் தேடவில்லை, அவ்வளவுதான்.

திங்கள் காலை எட்டு மணிக்கு மறுபடி உட்கார்ந்தாள். தூக்கம் போதாத கண். விரல் தன்பாட்டில் தட்டியது. திரை எண் கேட்கும் இடத்தில் புது எண்ணுக்குப் பதிலாக, பத்து வருஷமாய்த் தட்டிப் பழகிய தன் பழைய மேசையின் எண்ணைத் தட்டிவிட்டாள். இந்தத் தடவை அந்தச் சனியன் பிடித்த வரி வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

சந்துக்கு அந்தப் பக்கம் ஓலுவா ரிசீவரோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அடியே, என்னடி பண்ணினே! உன் பழைய திரையை எடுத்துக் கூட்ட அறையில வச்சிருக்காங்களாம். சக்காரிஸ் நார்வேக்காரங்க நாலு பேருக்கு என்னமோ காட்டிட்டு இருந்தாராம். நடுவுல உன் மீன் வந்து குதிச்சிருச்சாம்! மூட மூட மறுபடி வருதாம்!"

"ஐயோ, திட்டுறாரா அக்கா?"

"அந்த நார்வேக்காரங்க, இது எந்தக் கடல்னு ஆர்வமா கேக்குறாங்களாம். அவரு முழிச்சிட்டு இருக்காராம்." பிறகு ஓலுவா சிரிப்பை நிறுத்திவிட்டு ரிசீவருக்குள் பேசினாள். "ஏன் பார்ட்டலு, ஒண்ணு கேக்கட்டா. ஊர்ல உள்ள திரையிலயெல்லாம் அது கூப்பிடாமலே நுழையுது. இவ திரையில மட்டும் நுழையமாட்டேங்குது. அப்ப அது வாசல்ல நிக்குதுடா. இந்தப் பெட்டி எங்கேருந்து வந்தது?"

கோபன்ஹேகன் என்றான் பார்ட்டல்.

"அதைச் சொல்லு முதல்ல! அந்த ஊர்ல உள்ள இருக்கிறவ தாழ்ப்பாளை எடுக்காம கூடப்பிறந்தவனே உள்ள வரமுடியாது. ஆறு வருஷம் பாத்தவ நான்."

மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஓலுவா ரிசீவரைக் குலுக்கிப் பார்த்தாள்.

"அண்ணிகிட்ட சொல்லுங்க," என்று கடைசியில் பார்ட்டலின் குரல் வந்தது, "அவங்க கொழுந்தன் ஒரு மடையன்னு."

விஷயம் இதுதான். எங்கள் தீவுகளில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. நேரே சமையலறைக்குள் வந்து நின்று வந்துவிட்டேன் என்று சொல்வதுதான் வழக்கம். பார்ட்டல் தன் கணினிகளையும் அப்படித்தான் வளர்த்திருந்தான். நிலையத்துத் திரைகள் எல்லாவற்றிலும், யார் வந்தாலும் விடு என்று பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வரி எழுதி வைத்துவிட்டு, அப்படி ஒரு தாழ்ப்பாள் இருப்பதையே மறந்துபோனான். மூன்று நாளாய்ப் பெரிய இயந்திரத்தின் காலையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். அனுமதி கொடுக்கவேண்டியது அது இல்லை. சாப்பாட்டு மேசையில் இருந்த இந்தச் சின்னது.

"எல்லாருக்கும் திறக்காதீங்க. பெரிய இயந்திரத்தோட பேரைச் சொல்றேன், அந்த ஒரு பேருக்கு மட்டும் திறங்க," என்று பார்ட்டல் எழுத்தெழுத்தாகச் சொன்னான். ஓலுவா எழுத்தெழுத்தாகக் கூவினாள்.

"ஆமா, அதான் நல்லது. இல்லேன்னா நாளைக்கு சக்காரிஸ் மூஞ்சி வந்து நிக்கும்," என்பதையும் அதோடு சேர்த்துக் கூவினாள்.

சுன்னேவா தட்டினாள். சரியான திரை எண்ணைத் தட்டினாள். மீன்படம் திற என்று தட்டினாள்.

முதலில் ஒரு வெள்ளைச் சதுரம் வந்தது. பிறகு மேலேயிருந்து கீழாக, ஒவ்வொரு கோடாக, கடல் இறங்கியது. மேல்மட்டத்துப் பச்சை, அதற்குக் கீழே ஒன்றுமில்லாத வெறுமை, நூற்றெண்பது மீட்டரில் சிவப்பு. ஓரம் கிழிந்த சிவப்பு. அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஓலுவா அவள் முகத்தைப் பார்த்தே ரிசீவருக்குள், "வந்திருச்சுடா" என்றாள்.

மணி எட்டே முக்கால். இருபத்தாறு படம். கம்பி மெல்லியது, ஒரு படம் இறங்க ஐந்து நிமிஷம் பிடித்தது. இறங்குவதற்குள் அதற்கு முந்தியதைத் தாளில் குறித்தாள். பதினேழாவது படத்தில் ஒரு சிவப்புத் திட்டை ஹெர்ரிங் என்று எழுதிவிட்டு நகரப்போனாள். ஹானுஸ் இடது கையால் மேசையைத் தட்டினான்.

"என்னங்க?"

அவன் உதட்டைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். "கூனி" என்றான்.

சுன்னேவா குனிந்து பார்த்தாள். கூனிதான். அவசரத்தில் கண் ஏமாந்திருந்தது. அடித்துவிட்டு மாற்றி எழுதினாள். மிச்சம் ஒன்பதையும் இருவருமாகத்தான் பார்த்தார்கள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் எதிர்வீட்டுக்கு ஓடி, ஓலுவாவிடமிருந்து ரிசீவரை வாங்கி, எண்களைத் தானே வாசித்தாள். பார்ட்டல் எழுதிக்கொண்டான்.

சக்காரிஸ் மறுநாள் கூப்பிட்டுக் கணக்கு நன்றாக இருப்பதாகச் சொன்னார். அடுத்த வருஷமும் வீட்டிலிருந்தே பார் என்றார். கிளாக்ஸ்விக் கட்டிலை வேறு ஒரு கிழவருக்குக் கொடுத்தார்கள். பார்ட்டல் நிலையத்தில் எல்லாரிடமும், தப்பு என்னுடையது, கண்டுபிடித்தது சுவினோய் ஓலுவா என்று சொல்லித் திரிந்தான். அந்தக் குளிர்காலத்தில் காற்றில் காய்ந்த ஆட்டுத்தொடை இரண்டு அவனுக்குப் போயின, ஒன்று இந்த வீட்டிலிருந்து, ஒன்று எதிர்வீட்டிலிருந்து.

ஹானுஸ் அதற்குப் பிறகு பதினோரு வருஷம் இருந்தான். தன் நாற்காலியில், தன் ஜன்னலோரத்தில். அவளோடு சேர்ந்து படம் பார்த்தான். சில நாள் சண்டையும் பிடித்தான், ஒற்றைச் சொல்லிலேயே. அடக்கம் முடிந்து வீட்டில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது சுன்னேவா பார்ட்டலின் தட்டில் கேக்கை வைத்துவிட்டு நின்றாள்.

"இந்த மேசையில அவரோட நான் சாப்பிட்ட சாப்பாடெல்லாம் உன்னாலப்பா."

"அண்ணி, அது ஒரே ஒரு வரி. அதுவும் நானே மறந்துபோன வரி."

"வரி கிடக்கட்டும். மூணு நாள் நீ போனை வைக்கல இல்லையா."

பார்ட்டல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய் ஓலுவாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.