பத்துக்குப் பன்னிரண்டு பேனர்

எங்கள் அறக்கட்டளையில் முதலில் பிறந்தது பேனர்தான். அறம் பின்னால் வரும் என்று காத்திருந்தோம்.

வேங்கிக்காலில் எங்கள் நகரில் ஓய்வுபெற்றவர்கள் ஜாஸ்தி. பிள்ளைகள் வெளியூரில், பென்ஷன் வங்கியில், சர்க்கரை ரத்தத்தில். காலையில் ஒரு பத்துப் பேர் கிரிவலப் பாதையில் நடப்போம். நடப்பதைவிட நின்று பேசுவது அதிகம். நான் பூகோள டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவள். எங்களுக்குத் தலைமை ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி. எந்தத் துறை என்று சொல்லமாட்டேன், துறைக்கு வெட்கமாக இருக்கும். பின்னால் பியூன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்ற நினைப்பிலேயே இன்னும் நடக்கிறவர்.

சாரும் அவர் மனைவியும் இலங்கைக்குச் சுற்றுலா போய்வந்தார்கள். மலைப்பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் போட்டோ எடுக்க வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து பறிக்கிற ஒரு பெண் இவர்களை லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்த தன் ஒற்றை அறைக்குள் கூப்பிட்டு, பால் இல்லாத டீ கொடுத்திருக்கிறாள். அறையின் கூரைத் தகரத்தைக் காற்று தூக்கிப்போய் மாதக்கணக்காகிவிட்டதாம். சாக்கும் பாலிதீனும் போட்டு மூடியிருந்தாள். இரண்டு பெண் குழந்தைகள். சின்னதற்கு இளைப்பு. சாருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே கூரை போட்டுத் தருவதாக வாக்குக் கொடுத்து, அவளுடைய போன் நம்பரையும் வாங்கி வந்துவிட்டார்.

கண் கலங்கிய கதையை நடைபாதை பெஞ்சில் தினமும் சொன்னார். அந்த பெஞ்சுக்கு எதிரில், அடி அண்ணாமலை போகிற வழியில், பாலிதீன் போட்ட கூரைகள் நாலைந்து இருந்தன. அவற்றைப் பார்த்து எங்களில் யாருக்கும் ஒருநாளும் கண் கலங்கியதில்லை. நமக்குப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினால்தான் கண்ணீர் வரும் போலிருக்கிறது.

டிரஸ்ட் ஆரம்பிப்பதென்று முடிவானது. சார் தலைவர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். டவுனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பாய் பொருளாளர். அவர் தாத்தா காலத்திலிருந்து ஊரில் பாதி வீடுகளின் கூரை அவர்கள் கடைத் தகரம்தான். முதல் கூட்டத்திலேயே பாய் சொன்னார்:

"கொழும்புல எங்க மச்சான் இதே வியாபாரம்தாங்க. இன்னிக்கு ஒரு போன் போட்டா நாளன்னிக்கு தகரம் லாரில ஏறிடும். ஒரு ரூம்புக்கு எவ்ளோ ஆயிடப் போவுது? முடிச்சுட்டு வந்து டீ குடிக்கலாம்."

சார் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அப்புறம் நமக்கு எதுக்குங்க டிரஸ்ட்?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். பொய் சொல்வானேன், நானும் ஆட்டினேன்.

பெயர் வைக்க இரண்டு வாரம் போனது. லெட்டர்பேடில் மலை வேண்டும், மலைமேல் தீபம் வேண்டும், கடல் வேண்டும், கடலில் படகு வேண்டும், தேயிலை வேண்டும், இரண்டு கைகள் வேண்டும். எல்லாம் போட்ட பிறகு முகவரிக்கு இடமில்லை. அதன் பிறகுதான் பேனர். எங்கள் ஊரில் காதுகுத்துக்குப் பேனர், மஞ்சள் நீராட்டுக்குப் பேனர், செத்தால் பேனர். பேனர் கட்டாமல் நடந்த காரியம் நடந்ததாகவே கணக்கில்லை. ஆகவே தகரத்தைப் பேனருக்கு முன்னால் வைத்துத்தான் கொடுக்க வேண்டும், போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், அதை வைத்து இங்கே ஒரு விழா எடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். முதலில் பேனர் கடல் தாண்டும், பிறகு தகரம். தீர்மானத்தை எழுதியது என் அழகான கையெழுத்து.

செயலாளர் என்று சார் அந்தப் பெண்ணுக்கு என் நம்பரைக் கொடுத்திருந்தார். இதற்கிடையில் அவள் எனக்கு வாட்ஸப்பில் குரலில் பேசி அனுப்புவாள்.

"வணக்கம் டீச்சர். தகரம் எப்ப வரும்னு ஐயாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா? அவசரம் இல்ல. மழை மட்டும் கொஞ்சம் கூடத்தான். சின்னவளுக்கு இழுப்பு வந்துருது, அதான்."

'விரைவில் ஆவன செய்யப்படும்' என்று பதில் எழுதினேன். கூடவே கும்பிடு போடும் படம் ஒன்று.

பேனர் பத்தடிக்குப் பன்னிரண்டடி. நடுவில் சார் இடுப்புவரை, கைகூப்பியபடி. சுற்றிலும் நாங்கள் வட்ட வட்டமாக. அச்சுக்குப் போகிற அன்று ஃபிளெக்ஸ் கடைக்காரர் மாதிரியை போனில் அனுப்பினார். என் பணி ஓய்வு விழாப் போட்டோவிலிருந்து என் தலையை வெட்டிப் போட்டிருந்தார்கள். கண் பாதி மூடியிருந்தது. தூக்கத்தில் தானம் கொடுக்கிறவள் மாதிரி இருந்தேன். இதோடு போகக்கூடாது, வேறு போட்டோ தருகிறேன் என்று நிறுத்திவைத்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றவள், அண்டை நாட்டில் அரைக்கண்ணோடு தொங்குவதா?

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். "கொஞ்சம் சிரிங்க டீச்சர், கோவமா இருக்கற மாதிரி தெரியுது" என்றார் போட்டோக்காரர். சிரித்தேன். படத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்குள் கார்த்திகை தீபத்துக்கான பேனர்கள் கடையில் மலையாகக் குவிந்துவிட்டன. எங்கள் முறை போய்விட்டது. பேனர் கைக்கு வரப் பத்து நாளானது. யாரும் குறை சொல்லவில்லை, படம் நன்றாக விழுந்திருப்பதாகச் சொன்னார்கள்.

பாயின் உறவினர் ஒருவர் கொழும்புக்குத் திரும்பும்போது அதைச் சுருட்டி எடுத்துப்போய், அங்கிருந்து மலைக்கு பஸ்ஸில் போட்டுவிட்டார். நான் அந்தப் பெண்ணுக்கு எழுதினேன்: 'முதற்கட்டமாகப் பொருள் ஒன்று அனுப்பப்பட்டுள்ளது. பெற்றுக்கொண்டு விவரம் தெரிவிக்கவும்.' இது எதற்கான பேனர், எப்போது கட்ட வேண்டும், ஒரு வார்த்தை எழுதவில்லை. செயலாளர் ஆனதிலிருந்து எனக்கு மனுஷத் தமிழ் வருவது கம்மியாகிவிட்டிருந்தது.

மூன்றாம் நாள் குரல் வந்தது.

"டீச்சர், சாமான் வந்து சேந்துச்சு. ரொம்ப கெட்டியான படுதா. எங்க கூரைக்கு அளவெடுத்தாப்ல இருக்கு, ஒரு சாண் கூட இல்ல, கொறச்சல் இல்ல. படம் போட்ட பக்கத்த உள்பக்கமா வச்சுக் கட்டிட்டோம், உங்க முகமெல்லாம் மழையில நனையக் கூடாதுன்னு. போன வாரம் சின்னவள ஆஸ்பத்திரியில வச்சிருந்தோம், அஞ்சு நாளு. நேத்துத்தான் வீட்டுக்குக் கூட்டியாந்தோம். இனி நனைய மாட்டா. ஐயாவுக்கும் எல்லாருக்கும் கும்பிடுறேன்னு சொல்லுங்க."

கூடவே ஒரு போட்டோ. தரையில் படுத்துக்கொண்டு எடுத்தது. மேலே கூரை முழுக்க நாங்கள். படத்தின் ஓரத்தில் சின்னவளின் தலையும் கம்பளியும் தெரிந்தன. அவளுக்கு நேர் மேலே நான், ஸ்டுடியோக்காரர் சொல்லிக்கொடுத்த சிரிப்போடு.

மறுநாள் காலை பெஞ்சில் சாரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"என் நெத்தியில ஆணி அடிச்சிருக்காங்களே மேடம்?"

"குழந்தைய ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்களாம் சார்."

"பாவம். சரி, அத எறக்கி, தொடச்சு, மடிச்சு வெக்கச் சொல்லுங்க. விழாவுக்கு வேணும். தகரம் கொடுக்கும்போது பின்னாடி என்ன கட்டுவாங்க?"

எனக்கு அந்த மனிதரை அந்த பெஞ்சிலேயே வைத்து ஆணி அடிக்கலாம் போலிருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் பார்த்தபோது கோபம் திசை மாறியது. என் அரைக்கண் போட்டோவோடேயே அன்றைக்கு அச்சுக்கு விட்டிருந்தால், அந்தப் பேனர் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். சாருடைய விழாவைக்கூட விடுங்கள், அந்தக் குழந்தை நனைய என் மூஞ்சியே போதுமாக இருந்திருக்கிறது.

நேராக பாய் கடைக்குப் போனேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். போட்டோவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு கொழும்புக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கூரை எத்தினி அடிங்க டீச்சரம்மா?"

இரண்டு மாதத்துக்கு மேலாக அந்தக் கூரைக்காகக் கூட்டம் போட்டிருக்கிறோம். என் கையெழுத்தில் ஒரு நோட்டு நிறையத் தீர்மானங்கள் இருந்தன. கூரை எத்தனை அடி என்று அந்தப் பெண்ணிடம் ஒருவரும் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்தது பேனரின் அளவு மட்டும்தான்.

"பத்துக்குப் பன்னண்டு" என்றேன்.

நாலாம் நாள் தகரம் போய் இறங்கியது. பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள யாருமில்லை. முறைப்படி தெரிவிக்காமல் செயல்பட்டதற்காக என்னையும் பாயையும் டிரஸ்டிலிருந்து நீக்கி, சார் புதுப் பேனர் அடித்தார். எங்கள் இருவரின் இடத்தில் ஆளுக்கொரு தாமரைப்பூ. அதன் கீழே விழாவும் நடந்ததாகக் கேள்வி. எதைக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

தகரம் போட்ட பிறகும் அந்தப் பெண் பேனரைக் கழற்றவில்லை. தகரத்துக்கு அடியில் அது இருந்தால் குளிருக்கு அடக்கமாக இருக்கிறதாம். "சின்னவ படுத்துக்கிட்டு உங்களத்தான் டீச்சர் பாத்துக்கிட்டு இருப்பா. இந்தம்மா மட்டும் நல்லா சிரிக்கிறாங்கன்னு சொல்லுவா" என்றாள். அந்தச் சிரிப்புக்குப் பத்து நாள் ஆனதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.