வாசலில் விடாத செருப்பு

தையல்கடை வேலை முடிந்து வந்தால் அத்தை செருப்பை வாசலில் விடமாட்டாள். கையில் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்து பின்னறைக்குப் போய்விடுவாள். தெருவே வருஷக்கணக்காகப் பார்த்த பழக்கம் அது. ஒண்டியிருப்பவளின் சுவடு அண்ணியின் கண்ணை உறுத்தக்கூடாது என்று அவளுக்கு நினைப்பு.

அவள் குடியிருக்கும்வரை பின்னறை அவளுக்கே என்று அவளுடைய அப்பா உயிலில் எழுதியிருந்தார். அண்ணன் இறந்ததும் வீட்டை விற்கப் புறப்பட்ட அண்ணன் மகன், அத்தை கடையில்தான் தங்குகிறாள் என்று வழக்குப் போட்டான். அவளுடைய அடையாள அட்டை, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் கடை விலாசம்தான் இருந்தது.

"என் பேர்ல தபால் வந்தா அண்ணிக்குப் பிடிக்காதேன்னு அப்படிக் குடுத்தேன்டா," என்றாள் அவனிடம் கோர்ட்டு வராந்தாவில்.

"ரொம்ப நல்ல மனசு அத்தை. அதையே ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க, மெடல் குத்துவாரு."

அவளுக்காகச் சாட்சி சொன்னது, வீட்டுச் சுவரோரம் வண்டி போட்டுத் துணி தேய்க்கும் பெண் ஒருத்திதான். "தெனமும் காலையில அந்த அறைக் கதவத் திறந்து எனக்குத் தண்ணி குடுக்கறது இவங்கதான்யா." அத்தனை காகிதங்களுக்கு முன் அந்த வாய்ச்சொல் எடுபடவில்லை. தீர்ப்பு வந்த அன்றே அந்தப் பெண்ணின் வண்டியையும் அவன் அப்புறப்படுத்தினான்.

"உனக்கு வேற இடம் பிடிச்சுக் குடுக்காம கண்ண மூட மாட்டேன்டி," என்றாள் அத்தை.

கடை மூலையில் துணிமூட்டைகளுக்கு நடுவே படுக்கத் தொடங்கியவள், மழைக்காலம் முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். தேய்ப்புக்காரி இன்னும் பெட்டியைச் சுமந்துகொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறாள்.